பத்து எண்ணுவதற்குள் வராத ஆச்சி

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தினமும் காலையில் லைன்களைச் சோதிப்போம். மணி அடித்துவிட்டு ஆபரேட்டர்களான நாங்கள் பத்து வரை எண்ணவேண்டும். அதற்குள் யாரும் எடுக்காவிட்டால் லைன் பழுது. சூப்பர்வைசர் போட்ட சட்டம்.

அந்தச் சட்டப்படி பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டு லைன் வாரம் முழுக்கப் பழுது. லைன்மேனும் தினம் பஸ் ஏறிப் போகிறார்.

இன்று திரும்பி வந்தவர் பொரிந்து தள்ளிவிட்டார்.

"லைன் நல்லாத்தான் இருக்குக்கா. போன் வாசப்பக்கம் முகப்புல இருக்கு, அந்த வீட்டு ஆச்சி பின்கட்டு அடுப்படியில இருக்காக. அவுக வீட்டோட நாலு கட்டும் தாண்டி வாரதுக்குள்ள நீங்க எண்ணி முடிச்சுப்புடுறீக!"

"அப்ப இருபது எண்ணட்டும்" என்றார் சூப்பர்வைசர்.

"ஆச்சிக்கு மூட்டுவலி வந்தா முப்பதா? எண்ணுறதையே விடுங்க சார். எடுக்குற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க."

உடனே நான் மணி அடித்தேன். எண்ணாமல் காத்திருந்தேன். ஆச்சி எடுத்துவிட்டார்!

"எக்ஸ்சேஞ்சுல இருந்து பேசுறேன் ஆச்சி. லைன் சரியா இருக்கான்னு பார்க்கத்தான்."

"லைன் சமாச்சாரமா? அதை எங்க வீட்டு அவுகளைத்தான் கேக்கணும். தோட்டத்துல இருக்காக. வச்சிராதீக, கூட்டியாரேன்."

லைன் அருமையாக இருக்கிறது. ஆச்சி நடந்து போகும் சத்தம்கூடக் கேட்கிறது.

மற்ற ஊர் ஆபரேட்டர் தோழிகளே, எடுக்கும்வரை காத்திருக்கலாம், சரி. நாம் போனை வைப்பதற்கு எத்தனை வரை எண்ணுவது?