கதிரை காலியானால் கதை நிற்கும்

ஒரு புத்தகத்தை இன்னொருவரை வாசிக்க வைக்க வேண்டுமென்றால் அதன் கதையைச் சொல்லக்கூடாது. அதை வாசித்தபோது எனக்கு என்ன நடந்தது என்று மட்டும்தான் நான் சொல்வேன். "இதை வாசிச்சுக்கொண்டு பஸ்ஸில வந்தனான். பாமன்கடையில இறங்கவேண்டியவன், தெஹிவளையில போய் இறங்கினன்." அவ்வளவுதான். கேட்டவர் கையை நீட்டிவிடுவார். "நல்ல கருத்துள்ள நூல்" என்று சொல்லிப் பாருங்கள், அவர் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

இந்த வித்தையை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அந்த வருஷம் நாங்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். பள்ளிக்கூடமும் எங்களோடு இடம்பெயர்ந்தது. பிறகு நாங்கள் ஒரு பக்கம் போனோம், அது ஒரு பக்கம் போனது. அதன்பின் கோழிப்பண்ணை, மரக்காலை, ஒருகொடவத்தையில் கொள்கலன் இறக்கும் வேலை என்று அலைந்தேன். ஓரிடத்தில் ஒரு வருஷம் இருந்தால் எனக்குக் கால் உளையத் தொடங்கிவிடும்.

கடைசியில் வீடு மாற்றுகிற லொறி ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தேன். வெள்ளவத்தைப் பக்கம்தான் வேலை அதிகம். அங்கே அடுக்குமாடிகளில் யாராவது எப்போதும் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்க்கொண்டிருப்பார்கள். கண்ணாடி அலுமாரியில் இருக்கும் தடித்த புத்தகங்களைச் சொந்தபந்தங்களுக்குக் கொடுப்பார்கள். கட்டிலுக்கு அடியிலும் குளியலறை ஜன்னலிலும் கிடக்கிற துப்பறியும் நாவல்களையும் சித்திரக்கதைகளையும் காட்டி, "இதெல்லாம் குப்பை தம்பி, எங்கயாவது போட்டுவிடுங்கோ" என்பார்கள். மூலை மடிந்து, தேத்தண்ணீர்க் கறை பட்டு, நூல் விட்டுப் போயிருப்பது எப்போதும் அந்தக் குப்பைதான். அப்படியே அள்ளிக்கொண்டு வருவேன்.

வைக்க இடமில்லை. கொட்டாஞ்சேனையில் நான் இருந்த அறையில் எனக்கென்று முழுக் கட்டில்கூடக் கிடையாது. ஒரே கட்டில், இரவில் எனக்கு, பகலில் ஒரு காவலாளிக்கு. அவர் வேலை முடிந்து வரும்போது படுக்கை சூடாகவே இருக்கும், அது அவருக்குப் பிடிக்கும். லொறி ஓடாத நாட்களில் பகல் முழுக்க நான் வெளியே நிற்கவேண்டும். அப்படி ஒதுங்கிய இடம்தான் சந்தியிலிருந்த அந்தச் சலூன். முடிவெட்ட இரண்டு கதிரை, சுவரோரமாகக் காத்திருக்க ஒரு நீள வாங்கு, மின்விசிறி. சலூன் நடத்துகிற அண்ணன் மலையகத்திலிருந்து வந்தவர். சும்மா உட்கார்ந்தாலும் எழும்பச் சொல்லமாட்டார்.

"அண்ணை, கொஞ்சப் புத்தகம் கிடக்குது. இங்க வைக்கட்டா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வைங்க தம்பி. வர்றவங்க சும்மா போனைத்தானே நோண்டிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் பழைய எண்ணெய்ப் போத்தல்கள் இருந்த தட்டைத் துடைத்து அடுக்கினேன். அண்ணன் ஒரே ஒரு சட்டம் போட்டார். புத்தகம் சலூனை விட்டு வெளியே போகக்கூடாது. மிச்சத்தை வாசிக்க வேண்டுமானால் அடுத்த முறை முடிவெட்ட வரும்போது வாசிக்கலாம். ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்துக்குத் தங்கள் பாணியில் அடையாளம் வைத்தார்கள். மேல் மூலையை மடிக்கிறவர், கீழ் மூலையை மடிக்கிறவர், நகத்தால் கீறுகிறவர். ஒரு ஆட்டோக்காரர் கீழே கிடக்கும் முடியில் இரண்டு இழையை எடுத்துப் பக்கங்களுக்கு நடுவில் வைப்பார்.

யாருக்கு எது என்று தெரிந்தெடுத்துக் கொடுப்பது என் வேலையானது. யாரும் தந்த வேலையில்லை. ஆட்டோக்காரருக்குக் குதிரையும் துப்பாக்கியும் உள்ள சித்திரக்கதை. யாராவது ஹயருக்குக் கூப்பிட்டால் அவர் உடனே ஓடவேண்டும், படம் என்றால் விட்ட இடம் கண்ணில் நிற்கும். புறக்கோட்டைப் புடவைக் கடையில் வேலைசெய்து ஓய்ந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் வருவார், எல்லோருக்கும் அவர் நானா. அவருக்கு ஆள் கடத்தல் கதைகள் பிடிக்கும், ரத்தம் பிடிக்காது. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி ஒரு கந்தோர்க்காரர் வரத் தொடங்கினார். காப்புறுதிக் கந்தோரில் மேசை வேலை, அயன் பண்ணின சட்டை. அவர் வீட்டை எங்கள் லொறிதான் மாற்றிக் கொடுத்தது, அப்படித்தான் பழக்கம். "நான் இதெல்லாம் வாசிக்கிறதில்லை. சும்மா பார்ப்பம்" என்பார். வெள்ளவத்தையில் சலூன் இல்லாமலா இங்கே வருகிறார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கொஞ்ச நாளில் தொல்லை தொடங்கியது. என் தெரிவு அளவுக்கு மீறி நன்றாக இருந்ததுதான் காரணம்.

அண்ணன் துணியை உதறிவிட்டு, "அடுத்தது யாரு?" என்பார். வாங்கு நிறைய ஆள். யாரும் தலையை நிமிர்த்த மாட்டார்கள்.

"நானா, நீங்கதானே?"

"எனக்கு அவசரமில்ல. கந்தோர் தொரைய அனுப்புங்க."

"நான் பிறகு வந்தனான். ஆட்டோ அண்ணை போகட்டும்" என்பார் கந்தோர்க்காரர்.

ஆட்டோக்காரர் வாயைத் திறக்காமல் விரலை மட்டும் தூக்குவார். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். அவருடைய குதிரை பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் குளிரூட்டிய சலூன் ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. தெருவால் வருகிற ஆட்கள் எங்கள் வாசலில் எட்டிப் பார்ப்பார்கள். வாங்கு நிறைந்திருப்பதைக் கண்டு, இன்றைக்குச் சரிவராது என்று றோட்டைக் கடந்து போய்விடுவார்கள். அண்ணனிடம் வேலை செய்த ஆளும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாவது கதிரையில் துவாய் காயப்போட்டிருந்தது.

"உள்ள கூட்டம், கதிரையில ஆளில்ல. இப்பிடி ஒரு சலூன் எங்கயாவது உண்டா தம்பி?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. துவாயை மடித்தபடி தொடர்ந்தார். "கடை வாடகை குடுக்கணும். ஞாயித்துக்கிழமை போத்தல் பேப்பர்காரர் வர்றாரு. எல்லாத்தையும் நிறுத்துப் போட்டுர்றேன். மனசுல வச்சுக்காதீங்க."

வைத்துக்கொள்ளத்தான் செய்தேன். தட்டு போனால் அந்தக் கூட்டமும் போகும். அண்ணன் என்னைப் போகச் சொல்லமாட்டார், ஆனால் வெறும் வாங்கில் நாள் முழுக்க எப்படிக் குந்தியிருப்பது? புறக்கோட்டை பஸ் நிலையத்தில் இருக்கலாம். நான் இருந்திருக்கிறேன். அங்கே வாசிக்க முடியாது, மூட்டை தூக்குகிறவர்கள் காலை எடு, காலை எடு என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

ஞாயிறுக்கு முன் எதையாவது செய்துபார்க்க நினைத்தேன். முதலில் வேகமான புத்தகங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வாழ்க்கையில் முன்னேறுவதற்கு வழி சொல்கிற தடித்த புத்தகம் ஒன்றை நானாவிடம் கொடுத்தேன். அலுத்துப்போய் நேரத்துக்கு எழும்பிக் கதிரைக்குப் போவார் என்று கணக்கு.

நானா ஒரு பக்கம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மகன், நான் ஒனக்கு எனத்த செஞ்ச? ஏன் இதத் தந்த?" முடியும் வெட்டாமல் எழும்பிப் போய்விட்டார்.

பிறகு மெல்லிய சித்திரக்கதைகளை மட்டும் முன்னால் வைத்தேன். சீக்கிரம் முடியும், சீக்கிரம் எழும்புவார்கள். முடிந்தது உண்மை. ஆனால் முடித்தவர்கள் கதாநாயகன் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கலாமா இல்லையா என்று வாதாடத் தொடங்கினார்கள். அன்று பின்னேரம் முழுக்க அந்த வாதம் ஓயவில்லை.

சனிக்கிழமை வந்தது. இனிப் போகப்போகிற தட்டுதானே என்று இருந்ததிலேயே வேகமான நாவலை எடுத்து வாங்கில் வைத்தேன். அந்தக் கதையில் ரயில் பெட்டி ஒன்று சுரங்கத்துக்குள் போகும்போது அதில் ஆறு பேர். வெளியே வரும்போது ஐந்து பேர். நானா கோபம் ஆறி வந்திருந்தார். எடுத்தவர் வைக்கவில்லை. கந்தோர்க்காரர் பக்கத்தில் நகர்ந்து அவர் தோளுக்கு மேலால் வாசித்தார். ஆட்டோக்காரர் தன் குதிரையை மூடிவைத்துவிட்டு மற்றப் பக்கத்தால் எட்டிப் பார்த்தார்.

அண்ணன் இந்த முறை கேட்கவில்லை. நானாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, முகத்தில் நுரை பூசிவிட்டார். நானா புத்தகத்தோடேயே ஏறியிருந்தார்.

"கத்தி பிடிக்கிற நேரம் புத்தகமா? தாங்க இங்க."

"அப்ப இவன் வாசிக்கட்டும்" என்று நானா நுரைக்குள்ளிருந்து என்னைக் காட்டினார்.

நான் சத்தமாக வாசித்துப் பழக்கமில்லாதவன். நீளமான சொல் வந்தால் நின்று, எழுத்துக் கூட்டித்தான் தாண்டுவேன். வெட்கமாக இருந்தது. ஆனால் நான் தடக்கி நின்ற இடத்திலெல்லாம், கதைதான் அங்கே நிற்கிறது என்று நினைத்து வாங்கிலிருந்தவர்கள் மூச்சைப் பிடித்தார்கள். சுரங்கத்தில் இறங்கித் தேடுகிற இடம் வந்தது. தண்டவாளத்துக்கு நடுவில் ஏதோ கிடக்கிறது. நான் அடுத்த சொல்லில் சிக்கிக்கொண்டேன். அண்ணனின் கத்தியும் நானாவின் தொண்டைக்குழியில் அப்படியே நின்றது.

"கத்திய எடுத்துட்டுக் கேளுங்க முதலாளி" என்றார் நானா அசையாமல். "இன்னொருத்தனும் காணாமப் போய்ருவான்."

சவரம் முடிந்தது. நானா முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். நான் பக்கத்தைத் திருப்பி வாசிக்கப்போக, அண்ணன் ஈரக் கையைப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"கதிரை காலி" என்றார். "கதை நிக்கட்டும்."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவருக்கே தான் சொன்னது அப்போதுதான் விளங்கியது போல முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "ஆள் உக்காந்தா வாசிங்க. எந்திரிச்சா மூடுங்க. அவ்வளவுதான்."

அடுத்த நிமிஷம் வாங்கில் பெரிய சண்டை.

"தொர, நீங்க ஏறுங்க."

"போன கிழமைதான் வெட்டினனான்."

"மீசையையாவது ஒதுக்குங்கோ. அங்க ஒருத்தன் சுரங்கத்துக்குள்ள கிடக்கிறான்" என்றார் ஆட்டோக்காரர்.

கந்தோர்க்காரர் ஏறினார். அவர் மீசை ஒழுங்காகும் மட்டும் கதை ஓடியது. பிறகு ஆட்டோக்காரர், தன் நெடுநாள் தாடியோடு. அவர் இறங்கும்போது கொலைகாரன் ஸ்டேஷன் மாஸ்டரா இல்லையா என்பது தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். மூன்று பேர் ஒன்றாக எழும்பி, "வாங்கோ வாங்கோ, உங்கட முறைதான்" என்று அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இவ்வளவு கூட்டத்தில் காத்திருக்காமல் முடிவெட்டியது அவருக்குச் சந்தோஷம். முடிந்த பிறகும் அவர் போகவில்லை, வாங்கில் இடம் தேடினார். இருட்டும் மட்டும் அந்தக் கதிரையின் சூடு ஆறவில்லை. என் தலையையும் அண்ணன் ஒட்ட வெட்டிவிட்டார். அந்த நேரம் கந்தோர்க்காரர்தான் வாசித்தார். என்னைவிட வேகம். மெதுவாக வாசிக்கச் சொல்லி நானா ஏசினார்.

இத்தனைக்கும் தட்டைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை நான் போனபோது புத்தகங்கள் கயிற்றால் கட்டி வாசலில் இருந்தன. ரயில் நாவல் மட்டும் கண்ணாடிக்கு முன்னால் தனியாக இருந்தது. நானாவும் கந்தோர்க்காரரும் ஆட்டோக்காரரும் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். மிச்சம் கடைசி அத்தியாயம். கதிரை காலி. நானாவின் கன்னம் பளபளத்தது, ஆட்டோக்காரருக்குத் தாடியில்லை, என் தலையில் பிடிக்க ஒன்றுமில்லை. வெட்டுவதற்கு எங்களில் யாரிடமும் எதுவும் மிஞ்சவில்லை.

"சட்டம் சட்டந்தான்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுத் தானும் அந்த நாவலைத்தான் பார்த்தார்.

அப்போது வெளியே வண்டில் வந்து நின்றது. போத்தல் பேப்பர்காரர் தராசோடு உள்ளே வந்தார். மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்து, "இதுதானா முதலாளி?" என்றார்.

அண்ணன் மூட்டையைப் பார்க்கவில்லை. பேப்பர்காரருடைய தலையைப் பார்த்தார். காதை மூடிப் பிடரிக்குக் கீழும் வழிகிற முடி. நாங்களும் பார்த்தோம்.

"எப்ப வெட்டினது?"

"அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா. பேப்பரை நிறுக்கட்டா?"

"பேப்பர் இல்ல. நீங்க உக்காருங்க, காசு வேணாம்."

"ஏறு மகன், ஏறு" என்று நானா தராசை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

துணியைப் போர்த்தி, அண்ணன் கத்தரிக்கோலை எடுத்தார். நான் கடைசி அத்தியாயத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். நாலைந்து வரி போயிருக்கும். துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது.

"இருங்க தம்பி. யாரு காணாமப் போனது? எந்த ரயிலு?"

ஒரே நேரத்தில் எல்லோரும் சொல்ல வாயெடுத்தார்கள். அண்ணன் கத்தரிக்கோலைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். கதிரையைச் சுற்றி வந்து அந்தத் தலையை இன்னொருமுறை அளந்து பார்த்தார்.

"முதல் பக்கத்துல இருந்து வாசிங்க தம்பி" என்றார். "இவருக்கு நெறைய முடி இருக்கு."