ஏழாம் சீட்டு சிரித்த நாள்

அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்; உட்காரும் இடம்தான் பேர். நம்மவள் ஏழாம் சீட்டு, அவளுடைய உயிர்த்தோழி எட்டாம் சீட்டு. காதில் ஹெட்செட், முன்னால் போர்டு, முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர். எட்டு அந்த அம்மாளின் மூக்கடைத்த குரலில் ஏதாவது முணுமுணுப்பாள். ஏழு வாயைப் பொத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பாள். என்ன நாட்கள் அவை! நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

மாற்று ஆள் வராமல் போர்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒன்றுக்கு அவசரம் வந்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யார் அதிக நேரம் தாக்குப்பிடிப்பது என்று போட்டி வேறு வைத்துக்கொண்டார்கள், கெட்டிக்காரிகள்! எப்போதும் ஏழுக்குத்தான் முதலிடம்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த முதலிடம் பல்லிளித்தது. தும்மினால் சொட்டியது, சிரித்தால் துணியே நனைந்தது. பழைய தோழிகள் வருஷா வருஷம் கூடுவார்கள். மூட்டுவலி என்று சாக்குச் சொல்லி நான்கு வருஷம் அவள் போகவில்லை.

இந்த வருஷம் எட்டு போனில் பிடித்துக்கொண்டாள். "பையன்கூடவே போய் இருக்கப் போறேன்டி. இனிமே எப்போ பார்ப்போமோ. இந்தத் தடவை நீ வரலைன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்."

கூடும் நாளுக்கு மூன்று மாதம் இருந்தது. வெட்கத்தை மென்று விழுங்கிக்கொண்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனாள். பரிசோதித்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "வீட்ல ஏதாவது பயிற்சி பண்றீங்களாம்மா?"

"இறுக்கிப் பிடிக்கணும்னு யாரோ சொன்னாங்க டாக்டர். காலைல எழுந்ததுலேர்ந்து விடுறதே இல்ல." குரலில் பழைய முதலிடத்துப் பெருமை.

"அதாம்மா தப்பு. வருஷக்கணக்கா அடக்கி அடக்கி, சிறுநீரைப் பிடிச்சு வைக்கிற தசைக்குத் தளரவே தெரியல. எப்பவும் இறுகியே இருந்தா தும்மும்போது பிடிக்கத் தெம்பு ஏது? முதல்ல விடக் கத்துக்கலாம். மூச்சை இழுத்து அப்படியே தளர விடுங்க. அப்புறம் மூச்சை விடும்போது மெதுவா மேல தூக்கலாம்."

"விடுறதா? சூப்பர்வைசர் பார்த்தா..." வாய் தவறி வந்துவிட்டது. உடனே கண் கலங்கியது. வேலையை விட்டு இத்தனை காலமாகியும் உடம்பு மட்டும் அந்த போர்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

மூன்று மாதம் ஒருநாள் விடாமல் செய்தாள். கூடும் நாள் வந்தது. எட்டு அதே மூக்கடைத்த குரலை எடுத்துவிட, ஏழு இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. அறை அதிரச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். துடைக்க வேறெதுவும் இல்லை.

ஆனால் எட்டு சிரிப்பை நடுவில் நிறுத்திவிட்டுக் காலோடு கால் பின்னி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் ஏழுக்குத் தெரியாதா?

"எத்தனை வருஷமாடி?" என்று காதோரம் கேட்டாள்.

"ஆறு. நீ வந்தாத்தான் சிரிப்பு வரும்னு, நீ வராத வருஷமெல்லாம் நிம்மதியா இருந்தேன்டி பாவி."

"ஊருக்குக் கிளம்ப எத்தனை நாள் இருக்கு?"

"இருபது."

ஏழு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும், ஆரம்பிச்சிரலாம். நாளைக்குக் காலைல என் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இப்போ மூச்சை இழுத்து விடு. பின்னால யாரும் நிக்கல."