தலைக்கு ஒரு பிரம்புக் கூடை

மூன்றாவது முறை விழுந்த பிறகு பிச்சையம்மாள் உடம்புக்குக் கவசம் தேடுவது என்று முடிவு செய்தாள். பலகையை விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பலகை நாலடி நீளம். ரப்பர் பெட்டி அடிக்கிற கனத்த மரம். அடியில் நான்கு பால்பேரிங், செத்துப்போன லாரி ஒன்றிலிருந்து கழற்றியவை. தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்த அவள் கணவன் குழந்தைவேலுதான் அதைச் செய்தான். மேட்டிலிருந்த ஃபேக்டரிக் குழாயிலிருந்து தண்ணீர்த் தகரங்களைக் கீழே லயத்து வரிசை வீடுகளுக்கு இறக்குவதற்காகச் செய்தது. ஒரு நாள் தகரம் இல்லாமல் வெறும் பலகையோடு வந்தவள் அதில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு வாரம் கழித்து எழுந்து நின்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. மலாயாவில் பீடோங் ஊரிலிருந்து ஐந்து மைல் தள்ளி இருந்தது தோட்டம். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய்ச் சண்டை போட்ட அவசரகாலம் என்பதால் சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் வேலிக் கேட்டு மூடும். காலையில் வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மணி அரிசி போய்விடக் கூடாது. அவசரகாலம் பிச்சையம்மாளுக்குச் செய்த ஒரே நன்மை ரோடு. பட்டாளத்துக் கவச வண்டி மேலே ஏறுவதற்காக ஃபேக்டரியிலிருந்து கேட்டு வரைக்கும் ஒன்றரை மைல் தார் போட்டிருந்தார்கள். எல்லாம் இறக்கம்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அதே தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதிலிருந்து பால்மரம் வெட்டினாள், பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. சைக்கிள் கற்றுக்கொள்ள இரண்டு முறை முயன்றாள். இரண்டு முறையும் சேலை செயினுக்குள் போனது. புகைக்கூடத்தில் கடைசி வேலை ஒன்று உண்டு. தொங்கும் ரப்பர் தகடுகளைப் புரட்டிப்போட்டு, அடுப்புகளை இரவுக்கு அமர்த்திவிட்டு வர வேண்டும். முடியும்போது மணி ஐந்தே முக்கால். நடந்தால் அரை மணி. அதனால் சைக்கிள் வைத்திருந்த ஆம்பிளைகளுக்கே அந்த வேலை போகும். பிச்சையம்மாள் தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளையான பெரிய கிராணியிடம் போய் அதைக் கேட்டாள். ஆறு மணிக்குள்ள எப்படி வந்து சேருவ என்று அவர் சிரித்தார். ஏழு நிமிடத்தில் வந்து காட்டினாள். கிராணி வேலையைக் கொடுத்தார். அதிகாலை இருட்டில், மழையில், அட்டைக் கடிக்கு நடுவில் மரம் வெட்டியவளுக்கு முதல்முறையாகக் கூரைக்கடியில் ஒரு வேலை.

மூன்றாவது விழுதல் பெரியது. முழங்கையில் தோல் இல்லை. மருந்துக்கொட்டகையில் டிரசர் நடராஜா அயோடினைத் தொட்டு வைத்தபடியே சொன்னார்:

"கிராணி என்ன சொன்னாரு தெரியுமா? இன்னொரு தடவ காயம்னு உன் பேரு என் புஸ்தகத்துல ஏறுச்சுன்னா, பலகை அடுப்புக்குள்ள. நீ மறுபடி மரத்துக்கு."

"எழுதாமயே மருந்து போடலாமே டிரசரய்யா."

"போடலாம். அப்பறம் என் பேரு வேற புஸ்தகத்துல ஏறும்லா." பஞ்சைக் கீழே போட்டார். "திங்கக்கெழம சாயங்காலம் கேட்டுல நிக்கச் சொல்லியிருக்காரு. கை காலப் பாத்து எழுதணுமாம்."

வீட்டில் குழந்தைவேலு சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னான்:

"நான் செஞ்சது தண்ணிக்கு."

"தண்ணி கொட்டுச்சே. நான் கொட்டலயே."

"மூணு தடவ கொட்டியிருக்க."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி பீடோங் போனார்கள். பாசாரில் பிச்சையம்மாள் முதலில் நன்றாகப் பழுத்த பப்பாளி மூன்று வாங்கினாள். வீட்டுக் கொல்லையிலேயே பப்பாளி இருந்தது. ஆனால் தின்கிற பொருளைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஜக்கரியாவின் கடையில் எல்லாம் கிடைக்கும். பாத்திரம், கயிறு, பால் டின், பட்டாளம் கழித்துப்போட்ட சாமான். டின் எதை விற்றாலும் ஆணி வைத்து ஒரு ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டை போட்ட டின் காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும். ஆணியும் சுத்தியலும் எப்போதும் அவர் கைப்பக்கம் இருக்கும்.

"தலைக்கு ஏதாவது வேணும் அண்ணே. வெல கம்மியா."

"தலைக்கா? எண்ணெயா, சீப்பா?"

"விழுந்தா ஒடையக் கூடாது."

ஜக்கரியா அவளையும் குழந்தைவேலுவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓ, பலகை அக்காவா! ஒன் சத்தம் பீடோங் வரைக்கும் கேக்குதாம்லா." உள்ளே போய் ஒரு இரும்புத் தொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "பட்டாளத்துது. குண்டே தாங்கும்."

"குண்டு வேற, ரோடு வேற."

பிச்சையம்மாள் ஒரு பப்பாளியைத் தொப்பிக்குள் வைத்து, துணியால் வாயைக் கட்டி, தலைக்கு மேல் தூக்கி, சிமெண்டுத் தரையில் போட்டாள். கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். தொப்பிக்கு ஒன்றுமில்லை. துணியை அவிழ்த்தபோது பப்பாளி இரண்டாகப் பிளந்திருந்தது.

"மண்ட போச்சு அண்ணே."

"அது பழம்லா! மண்டைக்கு எலும்பு இருக்கு."

"எனக்கு எலும்பு இருக்குனு டிரசர் நம்ப மாட்டேங்குறாரு."

பிளந்த பழத்தைக் கடையில் நின்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அடுத்து ஜக்கரியா துரைமார் போடுகிற வெள்ளைத் தக்கைத் தொப்பியை எடுத்தார். ஆனால் அதைத் தரையில் போட அவர் விடவில்லை.

"இது வேணாம்," என்றான் குழந்தைவேலு. "இதப் போட்டுக்கிட்டு எறங்குனா, காட்டுல இருக்கிறவன் தொரைனு நெனச்சுச் சுட்டுருவான்."

"அப்ப இரும்புத் தொப்பி?" என்றார் ஜக்கரியா.

"மாத்தானு நெனச்சுச் சுடுவான்." போலீஸ்காரர்களை அங்கே எல்லோரும் மாத்தா என்றுதான் சொல்வார்கள். "இருட்டிப்போனா மாத்தாவே சுட்டாலும் சுடுவான், எவன்டா நம்ம தொப்பியப் போட்டிருக்கான்னு."

"எதப் போட்டா சுட மாட்டாங்க?" என்றாள் பிச்சையம்மாள்.

ஜக்கரியா நிமிர்ந்து மேலே பார்த்தார். உத்தரத்தில் பிரம்புக் கூடைகள் தொங்கின, காய்கறி கழுவுகிறவை. "கூடை கவுத்த பொம்பளய எவனும் சுட மாட்டான். வெயிலுக்குனு நெனப்பான்."

கோணிச்சாக்குத் துண்டு ஒன்றை மடித்துக் கூடைக்குள் வைத்து, இரண்டாவது பப்பாளியைப் போட்டாள். கூடை துள்ளியது. பழம் முழுசாக இருந்தது. மறுபடி போட்டாள். முழுசாக இருந்தது. மூன்றாவது தடவை லேசாகக் கன்றியது.

"ஒரு நாளைக்கு மூணு தடவ விழ மாட்டேன்," என்று பிச்சையம்மாள் கூடையை எடுத்துக்கொண்டாள். "இதுல ஓட்ட போடுவீங்களா?"

"அதுல ஓட்டைக்கு நடுவுலதான் கூடையே இருக்கு. போ."

அடுத்தது கை. விழும்போது உள்ளங்கை முதலில் தரைக்குப் போகிறது. தோல் கையுறை கேட்டாள்; விலையைக் கேட்டுவிட்டுத் திருப்பி வைத்தாள். வாசலில் சீனர்களும் மலாய்க்காரர்களும் குளியலறைக்கு வாங்குகிற கட்டைச்செருப்புகள் சரமாகத் தொங்கின. மேலே டயர் வார். ஒரு ஜோடியை எடுத்து வாருக்குள் விரல்களை நுழைத்து, குனிந்து தரையில் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கியது.

"அக்கா, அது காலுக்கு."

"காலு பலகையிலதான இருக்கும்."

முழங்கைக்குப் பழைய சைக்கிள் டயர், குழந்தைவேலு பட்டறையில் வெட்டித் தருவான். முட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டை. பால் பிடிக்க இப்போது பீங்கான் கோப்பை வந்துவிட்டதால், பழைய சிரட்டைகள் ஸ்டோருக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. யாரும் கேட்க மாட்டார்கள். சிரட்டைக்கும் முட்டிக்கும் நடுவில் மெத்தென்று வைக்க என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி. இலவம்பஞ்சு விலை அதிகம். சாக்கு அரிக்கும். பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு அரிசி ஆலை இருந்தது. உமி மலைபோல் குவிந்து கிடந்தது. வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டாள். ஓசியில் கிடைத்ததில் அவளுக்கு அன்றைக்கு அதுவே பெரிய சந்தோஷம். இரவு விளக்கை வைத்துக்கொண்டு இரண்டு குட்டித் தலையணை தைத்து உமியைத் திணித்தாள்.

திங்கட்கிழமை காலை கேட்டில் வரிசை. பெண்களைச் சோதிப்பவள் சைதூன், பக்கத்துச் சுங்கைப் பட்டாணி ஊர்க்காரி. தமிழ் பேசுவாள், கை வேகம். பிச்சையம்மாளின் கூடையைப் பார்த்துச் சிரித்தாள், கட்டைச்செருப்பைப் பார்த்துச் சிரித்தாள். முட்டிக்குக் கட்டியிருந்ததை அழுத்தியபோது சிரிப்பு நின்றது. உள்ளே கரகரவென்றது.

"அக்கா, இதுக்குள்ள என்ன?"

"உமி."

"உமியா?"

"சும்மா கெடந்துச்சு. அள்ளிட்டு வந்தேன்."

சைதூன் குரலை இறக்கினாள். "அக்கா, உமி எதோட தோலு?"

அப்போதுதான் பிச்சையம்மாளுக்கு உறைத்தது. பப்பாளிக்கு அத்தனை கவனம். உமியைத் தின்கிற பொருளாக அவள் நினைக்கவே இல்லை.

மாத்தாக்களின் தலைவன் வந்தான். மலாய்க்காரன், மீசை நரைத்தவன். "பெராஸ்?" என்றான். அரிசியா என்று அவன் கேட்டது வரிசையில் எல்லோருக்கும் புரிந்தது. ஒரு பிடி அரிசிக்கு அலோர் ஸ்டார் ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. அவன் கத்தியை எடுத்து இரண்டு தலையணைகளையும் கிழித்து, காவல் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் கொட்டினான். உமி காற்றில் எழும்பி அவன் மீசையில் ஒட்டியது. கீழே, உமிக்கு நடுவில், மஞ்சளாக உமி நீங்காத நெல் தெரிந்தது. அரிசியும் நாலைந்து தெரிந்தது.

அவன் குனிந்து எடுப்பதற்குள் கொட்டகைக் கோழி வந்துவிட்டது. மாத்தாக்கள் முட்டைக்கு வளர்க்கிற கோழி. அது யாருக்கும் பயப்படாது. ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கியது.

"கோழிய வெரட்டு!" என்று தலைவன் மலாயில் கத்தினான்.

"வெரட்டுறேன் தொவான், வெரட்டுறேன்," என்று சைதூன் கையை வீசினாள். தவறான பக்கத்திலிருந்து வீசினாள். கோழி உமிக்கு நட்டநடுவே ஓடியது. வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். தலைவன் உட்கார்ந்து விரலால் உமியைக் கிளறினான். வெறும் உமி. கோழியைப் பார்த்தான். கோழியை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை போல. மீசையைத் துடைத்துக்கொண்டு போ என்று கை காட்டினான்.

சைதூன் சோதனையை முடித்தாள். "பின்னாடியும் உமியா அக்கா?"

"இல்ல. அது என்னோட சொந்தம்."

மேலே புகைக்கூடத்தில் உடன் வேலை செய்த கருப்பாயி மத்தியானமே சொன்னாள், "இன்னிக்கு நடந்துரு. கேட்டு மூடுனா ஒரு ராத்திரி போலீஸ் ஸ்டேஷன்ல படு. காயத்துக்கு அது தேவலாம்."

"இன்னிக்கு நடந்தா நாளைக்கும் நடக்கணும். நாளைக்கு நடந்தா வேல இல்ல."

கருப்பாயி ஒரு பழைய கோணிச்சாக்கைக் கொண்டுவந்து போட்டாள். பிச்சையம்மாள் அதை வெட்டி நாலாக மடித்துச் சிரட்டைக்குள் வைத்துக் கட்டினாள். உடனே அரிக்கத் தொடங்கியது.

ஐந்தே முக்காலுக்கு அடுப்புகளை அமர்த்தினாள். கூடையைக் கவிழ்த்து நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்தாள். கட்டைச்செருப்புக்குள் விரல்களை விட்டாள். பலகை மேல் ஏறினாள்.

இரும்பு உருளைகள் தாரில் போடும் சத்தம் வேறெதையும் கேட்கவிடாது. இரண்டு பக்கமும் மரங்கள் வரிசை வரிசையாகத் திறந்து மூடின. மூன்று முறையும் அவள் விழுந்தது முதல் வளைவில்தான். அன்றைக்கு உட்கார்ந்து, ஒரு கையால் ரோட்டைத் தேய்த்து, திரும்பினாள். கட்டை கருகிய வாசம் வந்தது. இரண்டாவது வளைவும் போனது. அப்புறம் நேர் ரோடு. தூரத்தில் கேட்டு, கேட்டுக்கு முன்னால் நாற்காலியில் டிரசர், மடியில் புஸ்தகம், காலடியில் அயோடின் புட்டி. முள்கம்பிக்குப் பின்னால் லயத்துச் சனம் முழுவதும். குழந்தைவேலு தனியாக நின்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

இருபது கெஜம் இருக்கும்போது ஒரு ரப்பர் கொட்டை முன் உருளைக்கடியில் மாட்டியது. பலகை நின்றது. அவள் நிற்கவில்லை.

முட்டி முதலில், பிறகு கைகள். சிரட்டை தாரில் கிறீச்சிட்டது. கட்டைச்செருப்பு இரண்டையும் முன்னால் நீட்டி, வயிறு தரையில் படாமல், தவழ்கிற குழந்தை சறுக்கினால் எப்படியோ அப்படி வந்து, கூடை நெற்றி டிரசரின் நாற்காலிக் காலில் டொக்கென்று இடித்து நின்றாள்.

பிச்சையம்மாள் எழுந்தாள். கட்டைச்செருப்பைக் கழற்றி உள்ளங்கைகளை நீட்டினாள்.

டிரசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உள்ளங்கையைப் பார்த்தார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார், பழைய காயம்தான். சிரட்டைகளை அவிழ்க்கச் சொன்னார். ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. முட்டி இரண்டும் செவசெவவென்று இருந்தன.

"இது என்ன?"

"சாக்கு அரிப்பு."

"காயமா, அரிப்பா?"

"நீங்கதான் டிரசரு."

அவர் விரலால் தேய்த்தார். ரத்தம் இல்லை, தோல் முழுசு. பிச்சையம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை; அங்கேயே குனிந்து பரபரவென்று சொறிந்தாள்.

"அரிப்புதான்," என்றார் டிரசர். புஸ்தகத்தைப் புரட்டினார். "அரிப்புக்கு இதுல கட்டம் இல்ல." பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். முள்கம்பிக்குப் பின்னால் ஒரு பெரிய சத்தம் எழுந்தது. குழந்தைவேலு இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பினான்.

அந்தச் சத்தத்துக்கு மேல் ஆறு மணிச் சங்கு ஊதியது. சைதூன் பிச்சையம்மாளின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள், டிரசரை நாற்காலியோடு தள்ளினாள். கேட்டு மூடிச் சங்கிலி விழுந்தது.

"ஐயோ, பலகை!" என்றாள் பிச்சையம்மாள்.

பலகை ரோட்டோரத்தில் குப்புறக் கிடந்தது, நான்கு உருளையும் வானத்தைப் பார்த்தபடி.

"காலையில எடுத்துக்கலாம்லா. இனி எவனும் அடுப்புல போட மாட்டான்," என்றார் டிரசர்.

சனம் கலைந்து போனது. பிச்சையம்மாள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே காவலுக்கு நின்ற மீசை நரைத்த தலைவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். துப்பாக்கியைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தான். பலகையிடம் போய், அதைப் புரட்டி நிமிர்த்தி, ஒரு பூட்ஸ் காலை மட்டும் மெதுவாக அதன் மேல் வைத்தான்.

"கையில செருப்பு மாட்டிக்கங்க தொவான்," என்று உள்ளேயிருந்து கத்தினாள் பிச்சையம்மாள்.