மூக்குத்திக் கல்லும் அனந்தபூர் மாமியும்

மாமா ஒரு தெலுங்குப் பெண்ணைக் கல்யாணம் செய்ததை அம்மா மன்னிப்பதற்கு இரண்டு வருடமும் ஒரு மழையும் தேவைப்பட்டன.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவருக்கு யாழ்ப்பாணத்தில் பெண் பார்த்து, சாதகமும் பொருத்தி வைத்திருந்தார் அம்மா. மாமாவோ தன்னோடு வேலை செய்த பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, சுவிஸின் ஓல்டன் நகரில் எங்கள் வீட்டு வாசலில் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார். அம்மா தேநீர் கொடுத்தார். அதற்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை. மாமியைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'அந்தப் பிள்ளை' என்பார்.

எனக்கு மாமியைப் பிடித்துப்போனது. அவர் சென்னையில் சில காலம் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர். 'ஆமா' என்று அவர் சொல்லும்போதெல்லாம் தொலைக்காட்சி நாடகத்திலிருந்து ஆள் இறங்கி வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்தது போலிருக்கும். அதைவிட, அவரிடம் கதைகள் இருந்தன. அவருடைய ஊர் அனந்தபூர். ஆந்திராவில், மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும் வறண்ட பக்கம். ஊருக்கு நடுவே மணிக்கூட்டுக் கோபுரம், ராசாக்கள் காலத்துப் பெரிய ஏரி, சுற்றிவரச் செம்மண்ணில் நிலக்கடலை. மாமியின் அப்பாவுக்குக் கடலை வியாபாரம். கடலை விளைந்தால் ஊருக்கே கொண்டாட்டம். மழை பொய்த்தால் கடைத்தெரு முழுக்கக் கொட்டாவி. ஆனால் முதல் மழை விழுந்ததும் சனங்கள் கட்டுச்சோற்றோடு பஸ் ஏறி, வஜ்ரகரூர்ப் பக்கத்து வயல்களில் இறங்கி, குனிந்த தலை நிமிராமல் நடப்பார்களாம். வைரம் தேட! மழை மண்ணைக் கழுவிவிட்டால் அங்கே வைரம் மேலே தெரியுமாம். மாமியின் வீட்டாரும் வருடா வருடம் போவார்களாம்.

அவர்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைரப் பானை ஒன்று இருப்பதாக நான் அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன். அம்மா முகத்தைச் சுழித்தார்.

"பெரிய வைரக்காரி," என்று சமையலறைக்குள் போய்ச் சொன்னார், மாமிக்குக் கேட்கும்படியாகத்தான்.

ஆற்றங்கரையோரம் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் ஒன்று எங்களுடையது. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்தால் அம்மா நேரே அங்கேதான் போவார். இரண்டு வருடம் கழித்து, பெந்தெகொஸ்தே விடுமுறை ஞாயிறன்று மாமாவும் மாமியும் பக்கத்து ஊரான ஆராவிலிருந்து வந்திருந்தார்கள். அம்மா உருளைக்கிழங்குப் பாத்தியைக் கொத்திவிட்டு நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார். உடனே "ஐயோ" என்று கத்தினார். மூக்குத்தியில் கல்லைக் காணவில்லை. பொன் கூடு மட்டும் வெறுமனே இருந்தது.

அது சாதாரணக் கல் அல்ல. ஊரை விட்டு வந்தபோது அம்மாவோடு கடைசிவரை வந்து சேர்ந்தது அந்த ஒரு வைரம்தான். மற்ற நகையெல்லாம் வழியிலேயே போய்விட்டது. அம்மா மண்ணில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்பா மண்வெட்டியும் அரிதட்டும் எடுத்தார். பாத்தி முழுவதையும் கிண்டி அரித்துவிடுவது அவருடைய திட்டம். அப்போதுதான் மாமி குறுக்கே வந்து நின்றார்.

"தோண்டாதீங்க அண்ணா. கிளறினா கல்லு உள்ள போயிடும். யாரும் மிதிக்காம வெளிய வாங்க. மழை பெய்யட்டும்."

"மழை பெய்தா கல்லு ஆத்தோடை போயிடும். பிறகு ஆர் தேடுறது?" அம்மா சீறினார்.

"நான் தேடுறேன், அண்ணி."

கல் தொலைந்தால் அக்கா வீட்டு வாசலும் தொலைந்தது என்று மாமாவுக்குத் தெரியும். அம்மா நெடுநேரம் மாமியை முறைத்தார். கடைசியில் அப்பாவிடம், "மண்வெட்டியை வையுங்கோ," என்றார்.

அனந்தபூரில் மழைக்காக மாதக்கணக்கில் வானத்தைப் பார்ப்பார்களாம். சுவிஸில் அந்தக் கவலை இல்லை. விடுமுறை என்றால் மழைக்குக் கை துறுதுறுக்கும். நாங்கள் வீடு போய்ச் சேருமுன்னே கொட்டத் தொடங்கியது.

மறுநாள் காலை வெயில் பளிச்சென்று வந்தது. மாமி ஜீன்ஸைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்கினார். சூரியன் முகத்தில் படும்படி அடி அடியாக நடந்தார். நான் ஓரமாகக் கூடவே போய், ஒரு போத்தல் துண்டையும் ஒரு சொக்லேட் தாளையும் ஒரு நத்தையையும் வைரம் என்று அறிவித்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியில் சாய்ந்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். வைரம் என்று ஜெர்மனில் பெருமையாகச் சொன்னேன். சற்று நேரத்தில் வேலி நெடுக ஆட்கள்.

பாத்தி முடிந்தது. ஒன்றுமில்லை. மாமி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அம்மா பெருமூச்சு விட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

மாமி நின்றார். குந்தினார். இரண்டு விரலால் எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அது மின்னியது!

நான் குதித்தேன். மாமா விசிலடித்தார். வேலியோரத்துச் சுவிஸ்காரர்கள் வைரமே தங்களுக்குக் கிடைத்த மாதிரிக் கைதட்டினார்கள். மாமி மட்டும் கல்லை உடனே கொடுக்கவில்லை. அதைப் பார்த்தபடி, தோள் குலுங்க, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார். அம்மா சப்பாத்தோடு சேற்றில் இறங்கிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

"எங்கடை வைரக்காரி!" இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "வாங்கோ மச்சாள், வீட்டை போய்ச் சாப்பிடுவம்."

மாமி சேற்றுக் கையாலேயே ஃபோனை எடுத்து ஊருக்கு அழைத்தார். ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: "தொரிகிந்தி!" தெலுங்கில் அதற்குக் கிடைத்துவிட்டது என்று அர்த்தமாம். அடுத்த கணம் ஃபோனுக்குள் ஒரு திருவிழா. யாரோ கூவினார்கள், யாரோ தட்டில் தாளம் போட்டார்கள், ஓர் ஆண் குரல் விம்மியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்களைக் கண்ணாலும் காணாதவர்கள் அம்மாவின் மூக்குத்திக்காக இப்படிக் கொண்டாடுகிறார்களே, எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் மாமியின் தம்பி புதுவீடு குடிபுகுந்தார். நாங்கள் எல்லோரும் அனந்தபூர் போனோம். மாமியின் அப்பா என் அம்மாவை அருகே அழைத்து, மூக்குத்தியைக் குனிந்து குனிந்து பார்த்தார். நான் விளையாட்டாக வைரப் பானையைப் பற்றி விசாரித்தேன். மாமி அதைத் தெலுங்கில் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமிக்கு நடக்கத் தெரிந்த நாள் முதல் வருடா வருடம் அந்த வயல்களில் நடந்தார்களாம். குடும்பத்தில் ஒருவர் கையிலும் ஒரு கல்கூட அகப்பட்டதில்லையாம். அவர்கள் வீட்டுப் பிள்ளை மண்ணிலிருந்து எடுத்த முதல் வைரம் ஓல்டனில் உருளைக்கிழங்குப் பாத்தியில் எடுத்ததுதான்.

"நான் தேடுறேன், அண்ணி" என்று அன்று அவ்வளவு உறுதியாகச் சொன்னவர், அதுவரை எதையுமே கண்டெடுத்திராதவர். நானோ அந்த ஆரவாரமெல்லாம் அம்மாவின் மூக்குத்திக்கு என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.