பி.யூ.சி. முடித்து விலங்கியலுக்குப் போனவர்கள்

எங்கள் தொழிலில் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே வழியனுப்பவும் ஆரம்பித்துவிட வேண்டும். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் நான் உயிரியல் டெமான்ஸ்ட்ரேட்டர், லேபில் செய்முறை சொல்லிக்கொடுப்பவன். அங்கே பி.யூ.சி. என்கிற ஒரு வருஷப் படிப்போடு சரி. பி.எஸ்.சி. விலங்கியல் வேண்டுமென்றால் பட்டணத்துக் கல்லூரிக்குப் போகவேண்டும். எந்த குரூப் எடுத்தால் அங்கே இடம் கிடைக்கும் என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ராயபுரத்தில் லாட்ஜ் வாசம், பேச்சுத்துணைக்கு ஆளில்லை. இப்படி மாட்டிக்கொண்ட சக டெமான்ஸ்ட்ரேட்டர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தோஸ்து எடுத்த குரூப்

தண்டையார்பேட்டை செல்வத்துக்கு விலங்கியல் என்றால் உயிர். சேர்ந்திருந்ததோ கணக்கு குரூப்பில். கேட்டால், சின்ன வயதிலிருந்து கூடவே படிக்கும் காதர் அதைத்தான் எடுத்தானாம். "இதைப் படித்தால் விலங்கியலில் உன்னைச் சேர்க்கவே மாட்டார்களே" என்றேன். பையன் முகம் சுண்டிப்போனது.

முதல்வரிடம் கெஞ்சி அவனை எங்கள் பக்கம் மாற்றினேன். மறுநாள் லேப் வாசலில் காதர் வந்து நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்றே நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்: "அவன் இங்க வந்துட்டா, நான் யார் பக்கத்துல சார் குந்துறது?"

இங்கிலீஷ் பேப்பர்

எண்ணூர் அந்தோணி உயிரியலில் முதல் ஆள், இங்கிலீஷில் பெயில். ஒன்று போனால் எல்லாம் போன மாதிரிதான். கோடை லீவு முழுக்கக் காலி லேபில் அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். பகலில் பேச ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். செப்டம்பரில் பாஸ் செய்தான். அதற்குள் எல்லாக் கல்லூரியிலும் அட்மிஷன் முடிந்துவிட்டது.

உப்பளத்து வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் லாட்ஜுக்கு வருவான். வெடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் கல்லூரிக்கு எப்போது மனுப் போடலாம் என்று கேட்பான். அடுத்த ஜூனில் இடம் கிடைத்தது. சொல்ல ஓடிவந்தவனுக்கு அழுகைதான் முதலில் வந்தது. "ஒரு வருசமா நீங்க ஒர்த்தர்தான் சார் என்னை ஸ்டூடண்ட்னு சொல்லிகினு இருந்தீங்கோ."

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அவன் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லையே.

பாரிமுனையில்

பிலோமினா முதல் தவளையை அறுத்த அன்று மயங்கி விழுந்தவள். ஆர்ட்ஸுக்கு மாற்றிவிடச் சொல்லி அவள் அப்பா வந்தார். அவள் மாட்டேன் என்றாள். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் நின்று நின்று பழக்கினேன். விலங்கியலில் இடம் வாங்கிப் போனாள்.

பிறகு ஒருநாள் பாரிமுனை பஸ் ஸ்டாப்பில் புதுத் தோழிகளோடு நின்றிருந்தாள். சிரித்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் நகர்ந்துவிட்டேன். கொஞ்சதூரம் போனதும் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஐயோ, வெள்ளைக் கோட்டு இல்லாம நீங்கன்னே தெரில சார்!"

ஆக, பரீட்சை முடிந்த லேபில் நாம் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தால், வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.