ஹன்னா அடுப்பை இறக்கிய கரை

தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண்மணி என் கடிதத்தை வாங்கி முத்திரை குத்திவிட்டு, நல்ல சேதி சொல்பவர் போல முகமெல்லாம் மலர, "பதினொன்றரை!" என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே கால். அமெரிக்காவுக்கு வந்து அன்று நான்காவது நாள். கடிகாரத்தைச் சரியாகத் திருப்பவில்லை போலிருக்கிறது என்று அங்கேயே நின்று பதினொன்றரைக்கு மாற்றிக்கொண்டேன். அவரும் நான் செய்வதை ஆர்வமாகப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து அவசர அவசரமாக மதியச் சாப்பாட்டை முடித்து, இன்னும் வெயில் அடிக்கும்போதே ராத்திரிக்கு ரசம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்கு வந்த என் கணவர் மோகனை, "எட்டு மணி வரைக்கும் அப்படி என்ன வேலை?" என்று பிடித்துக்கொண்டேன். விஷயம் தெரிந்ததும் அவர் சோபாவில் சாய்ந்து சிரித்தார். "அது டைம் இல்ல சுகுணா, ஆத்துத் தண்ணியோட மட்டம். பதினொன்றரை அடி. இந்த ஊர்ல குட் மார்னிங் சொல்றதே அப்படித்தான்."

அந்த ஊரின் பெயர் டோபின்ஸ் லேண்டிங். அயோவா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றின் வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். எண்பதுகளின் கடைசியில் நாங்கள் அங்கே போனது ஒரு விபத்து மாதிரிதான். மோகனுக்கு வேலை சிகாகோவில் என்று சொல்லி அழைத்தார்கள். போய் இறங்கியதும், ஆறு மாதத்துக்கு மட்டும் ஆற்றங்கரையில் இருக்கும் மக்காச்சோள ஆலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன் ஆறு வருடம் நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியை. எட்டாம் வகுப்பில் வட அமெரிக்கா பாடம் வரும்போது, சுவரில் தொங்கும் படத்தின்மேல் மரக் கோலை வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்து, "மிசிசிப்பி, மிசௌரி, எல்லாரும் சொல்லுங்க" என்பேன். அறுபது பெண்களும் கத்துவார்கள். எக்மோர் பக்கம் போகிற மின்சார ரயில் சத்தத்தில் பாதிப் பெயர் அமுங்கிப்போகும். படத்தில் என் சுண்டு விரல் அகலம்கூட இல்லாத அந்த நீலக் கோட்டின் கரையில் ஒருநாள் நின்று, அக்கரை எங்கே என்று தேடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

டோபின்ஸ் லேண்டிங்கின் பூகோளத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: ஆறு, அதன் ஓரம் ஒரு தண்டவாளம், அப்புறம் ஒரே ஒரு கடைத்தெரு, அதன் முதுகில் செங்குத்தாகச் சுண்ணாம்புக்கல் குன்று. வசதியானவர்கள் மேலே, மற்றவர்கள் கீழே. கீழே இருந்தவர்களுக்குத்தான் ஆற்றின் மட்டம் வணக்கமாகவும் ஜோசியமாகவும் இருந்தது. நாங்கள் கீழே இருந்தோம். லாரித் தண்ணீர் வரும் நாளில் பக்கெட்டும் குடமுமாக வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். வாசலில் இவ்வளவு தண்ணீர் யாருக்கும் வேண்டாமல் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்க முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

கொத்தமல்லி போடலாம் என்று பின்பக்கம் மண்ணைக் கொத்தியபோதுதான் அந்தச் சிப்பிகள் கிடைத்தன. கைக்கு அடங்காத பெரிய பெரிய சிப்பிகள். ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு ஓட்டைகள், அளவெடுத்தது போல வட்டமாக. எனக்கு அமெரிக்கா என்றால் குதிரை, தொப்பி, துப்பாக்கி. ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு ஊர் நூலகத்துக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் மார்ஜரி இருந்தார். வெள்ளைத் தலை, சிவப்புக் கண்ணாடி, ஐந்தடிக்கும் குறைந்த உருவம். சிப்பிகளைக் கொட்டி, "இதையெல்லாம் யார் சுட்டது?" என்று கேட்டேன்.

அவர் ஒன்றை எடுத்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "ஷர்ட்ஸ்" என்றார்.

என் காதில் "ஷாட்ஸ்" என்று விழுந்தது. "எத்தனை பேர்?"

"எத்தனை பேரா? உலகத்தில் பாதிப்பேர்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மார்ஜரி தன் சட்டையின் பொத்தானைத் தொட்டுக்காட்டினார். அந்த ஊர் ஒரு காலத்தில் ஆற்றுச் சிப்பியை வெட்டிப் பொத்தான் செய்து உலகத்துக்கே விற்ற ஊர். பிளாஸ்டிக் வந்ததும் எல்லாம் போயிற்று. ஓட்டை போட்ட சிப்பிகள் மட்டும் மண்ணுக்கடியில் தங்கிவிட்டன. நாங்கள் குடியிருந்த வீடே ஒரு பொத்தான் பட்டறையின் குப்பை மேட்டின்மேல் இருந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன், அவரும் சிரித்தார். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று அவரே எழுதி ஒட்டிய பலகைக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அங்கேதான் இருந்தேன். வெளியே ஆறு உறைந்து கிடக்கும். உள்ளே நான் ஊரின் வரலாற்றைப் பெட்டி பெட்டியாகப் படிப்பேன். வடக்கே வெட்டிய பைன் மரங்களைத் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டு வந்தவர்கள், மர அறுப்பு ஆலைகள், நீராவிப் படகுகள், ரயில் பாலம் வந்ததும் வேலையிழந்த படகோட்டிகள். கடைசிப் பெட்டியின் அடியில்தான் ஹன்னாவின் கடிதம் இருந்தது.

கடைத்தெரு முனையில் ஊரை நிறுவிய டோபினின் சிலை நிற்கிறது. ஒரு கை மேற்கே நீட்டியபடி, "இங்கேதான் என் நகரம்" என்று அவர் சொன்னதாகப் பலகையில் இருக்கும். ஹன்னா அவர் மனைவி. தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அவள் வேறு கதை சொல்லியிருந்தாள். அவர்கள் போகவேண்டியது இன்னும் வடக்கே, ஈயச் சுரங்கங்களுக்கு. வழியில் படகு மணல் திட்டில் தட்டி நின்றுவிட்டது. இரண்டு வாரமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஹன்னா, தன் இரும்பு அடுப்பைக் கரையில் இறக்கச் சொல்லி, இனி ஒரு அடிகூட நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். படகை இழுக்க வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். அடுத்த படகுக்காரர்களும் சாப்பிட நிறுத்தினார்கள். ஊர் உண்டாகிவிட்டது. டோபின் ஒரு வருடம் வரை சுரங்கத்துக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் படகில் பயணிகள் வந்து இறங்கினார்கள். அவர்களை வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றிக்காட்டுவது மார்ஜரியின் வேலை. அன்று பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிப்போனது. ஒரு காகிதத்தில் "நீ" என்று எழுதி, ஒலிபெருக்கியோடு சேர்த்து என் கையில் திணித்தார். நான் ஒரு விருந்துக்குக் கிளம்பிப் பட்டுப்புடவையில் இருந்தேன். ஓடமுடியவில்லை. வண்டியில் நாற்பது பேர். முன் இருக்கையில், எல்லா ஞாயிறும் பயணிகளுக்குக் கையசைக்க வந்து உட்காரும் வால்டர் டோபின். சிலைக்காரரின் நேர் வாரிசு, ஊரில் இருந்த ஒரே இரும்புச் சாமான் கடையின் முதலாளி, எண்பது வயது.

குன்று, பாலம், பொத்தான் பட்டறை எல்லாம் சரியாகச் சொன்னேன். வகுப்புக் குரல் வந்துவிட்டது. "மிசிசிப்பி, எல்லாரும் சொல்லுங்க" என்றால் நாற்பது பேரும் சொன்னார்கள். அந்த உற்சாகத்தில் சிலைக்கு முன்னால் வண்டி நின்றதும் ஹன்னாவின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன், வாந்தி உட்பட. பயணிகள் கைதட்டினார்கள். வால்டர் டோபின் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்து, வண்டியைவிட்டு இறங்கிப் போனார்.

"வந்த எடத்துல வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா?" என்றார் மோகன். "அவங்க ஊரு, அவங்க தாத்தா. நமக்கு என்ன?" அன்று ராத்திரி என் தட்டை அப்படியே மூடிவைத்துவிட்டேன். அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே இடம் நூலகம். இனி அங்கே எப்படிப் போவது?

ஆனாலும் மறுநாள் காலை போனேன். வால்டர் வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் அவரைவிட மூத்த ஒரு பெண்மணி, அவருடைய அக்கா. அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஆண்களிடம் மட்டும் சொன்னதில்லை. மனம் உடைந்துவிடுவார்கள்." வால்டர் தரையைப் பார்த்தபடி, "எண்பது வருடம்!" என்றார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே தன் கடையின் கிடங்கிலிருந்து ஒரு பழைய இரும்பு அடுப்பைத் தூக்கிவந்து சிலையின் காலடியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டி அதன்பின் என்னுடையதாயிற்று.

மூன்று வருடம் கழித்து மார்ஜரி ஓய்வுபெற்றபோது, "என் ஊரை எனக்கே சொல்லிக்கொடுத்தாய். இப்போது உன் ஊரைக் காட்டு" என்றார். பொங்கலுக்கு நான் ஊருக்குக் கிளம்பியபோது அவரும் பெட்டியோடு வந்துவிட்டார். செங்கல்பட்டில் சித்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டோம். எதிரே தெற்கு நோக்கிப் பஸ், வேன், லாரி, கூரைமேல் மூட்டை, மூட்டைமேல் மனிதர்கள். மார்ஜரி என் கையை இறுக்கிப் பிடித்து, "வெள்ளமா? ஊரையே காலி செய்கிறார்களா?" என்றார். "பொங்கல்" என்றேன். "எத்தனை அடி?" என்று கேட்டார்.

தாம்பரத்தில் என் அண்ணன் சேகர் வீட்டில் அவர் முதல் நாளே நோட்டை விரித்துவிட்டார். இந்த ஊரை நிறுவியது யார்? எதற்காக இந்த இடம்? அண்ணன் என்னைப் பார்த்தார். "தாம்பரத்த யாரும்மா நிறுவுனாங்க? ஸ்டேஷன் வந்துச்சு, ஜனங்க வந்தாங்க. அவ்ளோதான்." மார்ஜரி அதை எழுதவில்லை. "ரயிலுக்கு முன்னால்?" என்றார். அண்ணி சமையலறைக்குள் போய்விட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். டோபின்ஸ் லேண்டிங்கில் எந்தத் தெருவில் எந்த வருடம் விளக்கு வந்தது என்று என்னால் சொல்லமுடியும். பிறந்த ஊரைப் பற்றி ஒரு வரி தெரியவில்லை.

மறுநாள் மாடம்பாக்கத்துக் கோயிலையாவது காட்டலாம் என்று ஆட்டோ பிடித்தோம். சோழர் காலத்துக் கோயில், அதற்கு மட்டும் எனக்கு விடை தெரியும். போகும்போது மார்ஜரி, "உங்கள் ஆறு எங்கே?" என்று கேட்டார். "எங்கள் ஊரில் ஆறு கிடையாது" என்றேன். அதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆட்டோ ஓரமாக நின்றுவிட்டது. ஓட்டுநர் திரும்பினார். தயாளன் என்று பெயர், என் வயதுதான் இருக்கும்.

"இன்னாக்கா, நோ ரிவர்னு சொல்லிட்ட? அடையாறு இன்னா சைதாப்பேட்டைலயா பொறந்துச்சு? இங்க நம்ம பக்கத்துலதான்கா வந்துகினு கீது. எங்கூரு திருநீர்மல. வா, காட்டறேன்."

"நான் ஜியாகரபி டீச்சர்" என்றேன், எதற்கென்று தெரியாமல்.

"அப்ப கண்டிப்பா வரணும்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

திருநீர்மலைப் படிகளை மார்ஜரி நின்று நின்று ஏறினார். மேலே ரங்கநாதர் சந்நிதிக்கு வெளியே, காற்று புடவையைப் பிய்த்துக்கொண்டு போகிற இடத்தில் தயாளன் எங்களை நிறுத்தினார். ஒரு காலத்தில் மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து, பெருமாளைப் பார்க்க வந்த ஆழ்வார் ஒருவர் வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தார் என்றார். மொழிபெயர்த்தேன். "எங்கள் ஊர்க்காரர் மாதிரியே பேசுகிறார்!" என்று மார்ஜரி குதித்தார்.

"அத்தோ, அந்தப் பச்ச கோடு கீதே, அத்தான் ஆறு" என்று தயாளன் கை நீட்டினார். "அந்தாண்ட செம்பரம்பாக்கம் தண்ணி வந்து சேர்றது. இந்தாண்ட வரிசையா ஏரிங்க கீது பாரு. ஒண்ணு ரொம்பிச்சின்னா அடுத்ததுக்கு ஊத்தும், அது ரொம்பிச்சின்னா அதுக்கடுத்தது. எங்கப்பாரு நெலம் அங்க இருந்துச்சு. இப்ப மனை போட்டுட்டாங்கோ."

ஏரிகள் வெயிலில் சில்லறையாக மின்னின. யாரும் நிறுவாத ஊருக்கு ஒரு காரணம் இருந்தது. தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் ஓர் ஊர், வழியும் திசையெல்லாம் அடுத்த ஊர். ஆறு வருடம் சுவரில் மிசிசிப்பியைத் தடவிக் காட்டியவள், சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்த ஆற்றின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. வெட்கப்பட்டிருக்கவேண்டும். ஆனால் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்தான் வந்தது. தயாளன் சொல்லச் சொல்ல நான் மார்ஜரிக்குச் சொன்னேன், அவர் எழுதினார். ஒரு கட்டத்தில் தயாளன் மூச்சுவிட நிறுத்தினால், "அப்புறம்? அப்புறம்?" என்று நானே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

கீழே இறங்கியதும் படிக்கட்டு ஓரம் பூ விற்ற அம்மா எங்களைப் பார்த்து, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார். மார்ஜரியும் நானும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். யாராவது ஊர் கேட்டால் சொல்ல என்று அண்ணி இரண்டு நாளாகச் சொல்லிக்கொடுத்த சுத்தமான உச்சரிப்பில் மார்ஜரி, "தாம்பரம்" என்றார். என் வாயிலிருந்து "டோபின்ஸ் லேண்டிங்" என்று வந்தது.

தயாளன் ஆட்டோவின்மேல் சாய்ந்து சிரித்தார். பூக்கார அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மார்ஜரிக்கு ஒரு முழம் மல்லிகையை அளந்து கொடுத்தார். எனக்கும் ஒரு முழம் அளந்து, அறுக்கும் முன் யோசித்து, இன்னொரு சாண் தாராளமாக விட்டு அறுத்தார்.

"நீ வெச்சிக்கம்மா" என்றார் என்னிடம். "அம்மாந் தொலவுலேந்து வந்துகீறே."

நான் திருத்தவில்லை. தலையைக் குனிந்து காட்டினேன். அவரே வைத்துவிட்டார்.