‘ம்’ சொன்னால் நின்றுவிடும் கதை: அடி அண்ணாமலைக்கு ஒரு ரோபோவுடன்

முழங்கால் உயர ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனது எனக்கு இதுவே முதல் முறை. கதைக்கு நடுவே குழந்தைகளிடம் கேள்வி கேட்டு, பதிலுக்கேற்பக் கதையைத் திருப்பும் ரோபோ அது. சென்னையில் ஒரு சிறு குழு செய்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால் கதை எழுத என்னை அழைத்தார்கள். பிள்ளைகள் கடைசிவரை உட்காராவிட்டால் தமிழைக் கைவிட்டு ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்வதாக முடிவு. சோதிக்க அடி அண்ணாமலையில் ஒரு பள்ளி இடம் கொடுத்தது. பௌர்ணமி இல்லாத செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போனோம்.

கிளாம்பாக்கத்தில் நானும் பொறியாளர் ரேவதியும் காலை ஐந்தரைக்கு ஏறினோம், ஒன்பதரைக்குத் திருவண்ணாமலை. அங்கிருந்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார்.

“ஜாஸ்தி இல்ல சார். பொம்மையோட சேத்து மூணு பேரு.”

“பொம்மைக்கு அரை டிக்கெட்ணே,” என்றாள் ரேவதி. இருநூற்றைம்பதுக்கு வந்தார். நான் கேட்டிருந்தால் முந்நூறேதான்.

வகுப்பில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். முன்னால் யாழினி என்றொரு பெண். “ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சாம்,” என்றது ரோபோ.

“ம்,” என்றாள் யாழினி.

“புரியலையே, இன்னொரு தடவை சொல்றியா?”

“நான் ஒண்ணுமே சொல்லலியே. ‘ம்’னுதான் சொன்னேன்.”

“புரியலையே…”

“அதுக்குக் காது டமாரம்டி,” என்றான் பக்கத்தில் ஒருவன்.

யாழினி வாயை மூடிக்கொண்டாள். சத்தமே இல்லாததால் ரோபோ, “தூக்கம் வருதா? அப்புறம் பேசலாம்,” என்று கண்ணை மூடிக்கொண்டது. இரண்டு பிள்ளைகள் எழுந்து போனார்கள்.

ரோபோவுக்குப் புரிய வேண்டிய பதில்களை நான்தான் வரிசைப்படுத்திக் கொடுத்திருந்தேன்: ஆமா, இல்ல, சரி, தெரியாது. கதை கேட்பவர் உம் கொட்டுவார் என்பது எனக்குத் தெரியாததா? அதை ஒரு சொல்லாகவே நான் எண்ணவில்லை.

“விடுங்க சார். ‘ம்’னா மேல போன்னு மாத்திடறேன்,” என்றாள் ரேவதி. மதிய உணவுக்குள் மாற்றிவிட்டாள்.

இம்முறை கதை ஓடியது. ஆட்டுக்குட்டிக்கு எதிரே நரி வந்தது. “இப்ப என்ன பண்ணலாம்?” என்றது ரோபோ.

“ம்ம்…” என்று மேலே பார்த்தாள் யாழினி. ரோபோ நிற்காமல் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

“ஏய், இரு! யோசிக்கிறேன்ல!”

வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் எல்லோரும் சேர்ந்து, “இரு, இரு!” என்று கத்தினார்கள். கதை முடியும்வரை ஒருவரும் எழவில்லை. இது வெற்றியா, ரோபோவைத் திட்டக் கிடைத்த சந்தோஷமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மாலையில் குழுவிடமிருந்து ரேவதிக்குச் செய்தி வந்தது: தமிழ் இருக்கட்டும், ஆனால் இரண்டு ‘ம்’மையும் சார் பிரித்துத் தர வேண்டும்.

இப்படிப்பட்ட கருவியோடு போகிறவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிருங்கள், கிரிவலக் கூட்டத்தில் மைக்குக்கு எதுவும் கேட்காது. மதியம் மின்சாரம் போனது. பவர் பேங்க் அவசியம். முதல் கதையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

திரும்பும் பேருந்தில் ரேவதி தூங்கிவிட்டாள். கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் என் மடியைப் பார்த்து, “இன்னாங்க இது?” என்றார். சொல்லத் தொடங்கினேன்.

“ம்,” என்றார்.

எந்த ‘ம்’ என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

“சொல்லுங்க சார், கேட்டுக்கினுதான இருக்கேன்.”